மாஜுலா சிங்கப்பூரா நடைச்சுற்று: அந்த ஒரு ‘லா’வுக்காகப் போகலாம்

பதினோரு வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறேன். இந்த நாட்டின் மலாய் மொழித் தேசிய கீதமான ‘மாஜுலா சிங்கப்பூரா’வுக்கு எத்தனை முறை எழுந்து நின்றிருப்பேன் என்று கணக்கே இல்லை. தேசிய தின அணிவகுப்பு, மகள் பள்ளியின் பரிசளிப்பு விழா, சமூக மன்ற நிகழ்ச்சி, எல்லா இடத்திலும் நின்றேன், உதட்டை அசைத்தேன், முடிந்ததும் உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டது போன மாதம்தான். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகள் சாப்பாட்டு மேசையில், “அப்பா, மாஜுலான்னா என்ன?” என்றாள். “முன்னேறுன்னு அர்த்தம்” என்று பெருமையாகச் சொன்னேன். “யாரு முன்னேறணும், நாமளா சிங்கப்பூரா?” என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குத் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போதுதான் இந்த நடைச்சுற்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. தேசிய கீதத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நகர மண்டபம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தொடங்கி ஆற்றோரத்தில் முடியும் இரண்டரை மணி நேர நடை. பெரியவருக்கு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிள்ளைகளுக்கு 20. ஆங்கிலத்தில்தான் நடத்துகிறார்கள். நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன், சின்ன நிறுவனம், பாவம். இது மாதிரி சுற்றுகளைப் பதிவு செய்யும் தளங்களில் தேடினால் இந்த ஒன்றுதான் இப்படித் தேசிய கீதத்தையே பொருளாக வைத்திருக்கிறது, எளிதில் கிடைத்துவிடும்.

முதலில் எரிச்சல்களைக் கொட்டிவிடுகிறேன். பதினைந்து பேர் வரைதான் என்று போட்டிருந்தார்கள், நாங்கள் இருபத்திரண்டு பேர் இருந்தோம். காதில் மாட்ட ஒரு கருவி கொடுத்தார்கள். வழிகாட்டி பத்தடி தள்ளிப் போனாலே அது கரகரவென்று மீன் பொரிக்க ஆரம்பித்துவிடும். மாலை மூன்றரைக்குத் தொடக்கம், அதாவது பாடாங் திடலில் மரநிழலே இல்லாத பக்கத்தில் மூன்றே முக்காலுக்கு நிற்க வேண்டும், இந்த நேரத்தை முடிவு செய்தவர் அந்த வெயிலில் ஒரு தடவையாவது நின்றிருப்பாரா என்று தெரியவில்லை. காலை எட்டரைக்கும் ஒரு சுற்று இருக்கிறது, அதை எடுங்கள். விளம்பரப் படத்தில் விக்டோரியா அரங்கின் உள்மேடை இருந்தது, நாங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. கேட்டதற்கு, அன்றைக்கு உள்ளே ஏதோ ஒத்திகை என்றார்கள். இருக்கலாம். ஆனால் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆனாலும் போங்கள் என்று சொல்வதற்குக் காரணம் வழிகாட்டி. ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியை. மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்று கூப்பிடுவார்கள், முதல் ஐந்து நிமிடத்துக்குள் எங்கள் குழு முழுக்க அவரைச் சிக்கு என்றே அழைக்கத் தொடங்கிவிட்டது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் எங்களை விட வேகமாக நடந்தார். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் நம்மிடமே ஒரு கேள்வி கேட்பார். வாத்தியார் புத்தி போகாது.

தொடக்கத்தில் அவர் சொன்ன ஒரு செய்தியிலேயே எனக்குக் கொடுத்த காசு பாதி வசூல். நாமெல்லாம் ஒரு பாட்டு எழுதினார்கள், அப்புறம் அதற்குப் பெயர் வைத்தார்கள் என்று நினைப்போம் இல்லையா. இங்கே பெயர்தான் முதலில். 1958இல் சிங்கப்பூர் இன்னும் பிரிட்டிஷ் காலனி, அரசு விழா என்றால் இங்கிலாந்து அரசியை வாழ்த்தும் பாட்டுதான். நகர மன்றத்துக்கு, தன் விழாக்களுக்காவது சொந்தமாக ஒரு பாட்டு வேண்டும் என்று தோன்றியது. அதே சமயத்தில் விக்டோரியா அரங்கைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள், புது மேடையில் ‘மாஜுலா சிங்கப்பூரா’ என்ற முழக்கத்தை வைப்பதாகத் திட்டம். துணை மேயராக இருந்த ஓங் பாங் பூன், சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த ஜுபிர் சயீதை அணுகினார். இந்த இரண்டு சொல்லைத் தலைப்பாக வைத்து ஒரு பாட்டு கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அரங்க மேடையில் வைக்க நினைத்த வாசகத்துக்குப் பாட்டு கட்டியிருக்கிறார்கள்! நம்மூரில் கட்சி மாநாட்டு மேடையில் பின்னால் கட்டும் பதாகை வாசகம் ஒரு நாட்டின் கீதமாவது போல என்று மகளிடம் சொன்னேன், அவளுக்குக் கட்சி மாநாடு என்றால் என்னவென்று விளக்குவதற்குள் சிக்கு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

ஜுபிர் சயீத் இந்த ஊர்க்காரர் இல்லை. மேற்கு சுமத்ராவின் புக்கித்திங்கியில் 1907இல் பிறந்த மினாங்கபாவ் இனத்தவர், 1928இல் கப்பலேறி இங்கே வந்தவர். வந்த புதிதில் ஆடல் பாடல் குழுவில் வயலின் வாசித்தார், பிறகு மலாய்ப் படங்களுக்கு இசை. பாட்டு வரிகளை எளிமையாக வைத்தார், மலாய் வீட்டு மொழியாக இல்லாதவனும் புரிந்துகொண்டு பாட வேண்டும் என்பதற்காக. சொற்கள் சரியாக இருக்கின்றனவா என்று முகமது அரிஃப் அகமது என்ற மலாய் எழுத்தாளரிடம் கலந்து பேசியிருக்கிறார். 1958 செப்டம்பர் 6ஆம் தேதி, அரங்கத் திறப்பு விழாக் கச்சேரியின் கடைசி உருப்படியாகச் சிங்கப்பூர் சேம்பர் ஆன்சம்பிள் குழுவினர் அதை முதல் முறையாகப் பாடினார்கள். அந்தக் குழுவை நிறுவியவர் பெயர் பால் அபிஷேகநாதன். பெயரைக் கேட்டதும் எங்கள் குழுவிலிருந்த நான்கு தமிழ்த் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

விக்டோரியா அரங்கின் வாசலில்தான் மொழிப்பாடம் நடந்தது. இந்தச் சுற்றின் உயிரே அந்த இருபது நிமிடம்தான்.

‘மாஜு’ என்றால் முன்னே செல்வது, முன்னேறுவது. சரி. ‘சிங்கப்பூரா’ ஊர்ப்பெயர். நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘லா’ என்ன செய்கிறது? சிக்கு ஒரு குடிநீர்ப் போத்தலை எடுத்து என் மகளிடம் நீட்டி, “மீனும்” என்றார். அப்புறம் “மீனும்லா” என்றார். இரண்டுக்கும் குடி என்றுதான் அர்த்தம், ஆனால் முதலாவதில் ஆணை, இரண்டாவதில் அழைப்பு. நமக்கு ‘குடி’, ‘குடியேன்’ இரண்டும் எப்படியோ அப்படி. அதே ‘லா’ வேறொரு வேலையும் பார்க்கும், எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அந்தச் சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கும். அதோடு வினை முன்னாலும் பெயர் பின்னாலும் வந்து நின்றால், அது பேச்சாக இல்லாமல் வாழ்த்தாக, முழக்கமாக ஆகிவிடும்.

இந்த ஊர் ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘லா’வும் இதுவும் ஒன்றுதானா என்று ஒரு இளைஞர் கேட்டார். மலாயிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, ஹொக்கியன் என்னும் சீன மொழியில் இருக்கும் அதே மாதிரி ஒலியிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, சண்டை தீரவில்லை என்று சிக்கு சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். நல்ல வழிகாட்டிக்கு எங்கே நழுவ வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

அடுத்து மொழிபெயர்ப்பு. கீதத்தை மலாயில் மட்டுமே பாட வேண்டும், ஆனால் பொருள் புரிய ஆங்கிலம், மாண்டரின், தமிழ் மூன்றிலும் அரசு மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் பெயர் ‘ஆன்வர்ட் சிங்கப்பூர்’ ஆகிவிட்டது, ரயில் கிளம்பும்போது கார்டு ஊதும் விசில் மாதிரி, சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அழைப்பு இல்லை. குழுவில் இருந்த ஒரு சீனப் பெண்மணி மாண்டரினில் ‘சியன்ஜின் பா, சின்ஜியாபோ’ என்று சொல்லிக் காட்டினார். ‘சியன்ஜின்’ முன்னேறு, அதோடு ஒட்டும் ‘பா’ நம்மையும் சேர்த்து வா போகலாம் என்று இழுக்கும் ஒட்டு. ஏறக்குறைய ‘லா’வின் வேலை. சிக்குவே கைதட்டினார். தமிழில் ‘முன்னேறட்டும் சிங்கப்பூர்’. இங்கேதான் எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. ‘முன்னேறட்டும்’ என்றால் அது, அந்தச் சிங்கப்பூர், முன்னேறட்டும், நான் கரையில் நின்று வாழ்த்துகிறேன். மகள் கேட்ட கேள்வி இதுதான். யார் முன்னேறணும்?

சிக்குவிடம் அனுமதி கேட்டு நான் ஒரு விஷயம் சொன்னேன் (வெயில் தலைக்கேறியதும் ஒரு காரணம்). தமிழில் வியங்கோள் என்று ஒன்று இருக்கிறது. வாழ்க, வெல்க, வருக. பள்ளியில் இலக்கண ஐயா மண்டையில் குட்டிக் குட்டி ஏற்றியது, வியங்கோள் வினைக்கு இடம், பால் வேறுபாடு கிடையாது, நான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க, அவை வாழ்க, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ‘வாழ்க தமிழ்’ என்னும்போதும் வினை முன்னால், பெயர் பின்னால். மலாய் வினையும் அப்படித்தான், நானா நீயா அவனா என்று அது காட்டிக்கொள்ளாது. ஆகவே மாஜுலா சிங்கப்பூராவுக்கு என் காதில் சரியாக விழும் தமிழ் ‘முன்னேறுக சிங்கப்பூர்’. நீயும் முன்னேறு, நாமும் முன்னேறுவோம், நாடும் முன்னேறட்டும், மூன்றும் அதற்குள்ளேயே இருக்கிறது. அரசு மொழிபெயர்ப்பு தவறு என்று சொல்லவரவில்லை, அது பேச்சுத் தமிழ்க் காதுக்கு இதமாக இருக்கிறது, பிள்ளைகளுக்கும் புரிகிறது. ஆனாலும் அந்த ‘-அட்டும்’ கொஞ்சம் தள்ளி நின்று வாழ்த்துகிறது. சிக்கு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பாட்டின் கடைசிக்கு முந்தைய வரியைப் படித்துக் காட்டினார். நாம் அனைவரும் ஒன்றாக முழங்குவோம் என்று பொருள். ‘பெர்சேரு’ என்றால் உரக்கக் கூவுவது. என்ன முழங்குகிறோம்? அடுத்த வரிதான் தலைப்பு. இரண்டு முறை. ஆக, அந்தப் பெயர் பாட்டுக்குள் வரும்போதும் முழக்கமாகத்தான் வருகிறது, மேடையில் எப்படி நிற்க வேண்டியிருந்ததோ அப்படியே. இதை யோசித்துத்தான் ஜுபிர் வரியை அமைத்தாரா, தானாக வந்து விழுந்ததா, எப்படியானாலும் சுத்தமான வேலை.

இன்னொரு சின்ன சந்தோஷம், பாட்டில் நம் காதுக்குத் தெரிந்த சொற்கள் ஒளிந்திருப்பது. ‘பஹாகியா’, மகிழ்ச்சி, நம் பாக்கியம்தான். ‘பெர்ஜாயா’வுக்குள் ஜெயம் இருக்கிறது. ‘சித்தா சித்தா’, இலட்சியம், நாம் சித்தம் என்கிறோமே அது. இவை சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போனவை. ‘ரக்யாட்’, மக்கள், அரபுச் சொல், அதே சொல்தான் இந்தியப் பக்கம் வந்து ரயத் ஆகி, மதராஸ் ஆளுநர் மன்றோ காலத்து ரயத்துவாரி நிலவரி முறையில் நம்மூர் விவசாயியின் பட்டாவில் போய் உட்கார்ந்தது. இதைச் சிக்கு சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து நானே தேடிப் பிடித்தேன். சிக்கு சொன்னது பாக்கியமும் ஜெயமும் மட்டும். சின்னப் பாட்டில் நாலு வார்த்தை தெரிந்தவை என்றதும் மகளுக்கு ஒரே குஷி.

இனி சலிப்பான பகுதி. சிங்கம். பெயரின் இரண்டாம் பாதிக்குக் கதை சொல்லாமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பலேம்பாங்கிலிருந்து வந்த இளவரசன் சாங் நீல உத்தாமா, புயல், கப்பல் மூழ்காமல் இருக்க மகுடத்தைக் கடலில் எறிந்தது, கரையிறங்கியதும் சிவந்த உடல், கறுத்த தலை, வெளுத்த மார்போடு ஒரு விலங்கைக் கண்டது, அது சிங்கம் என்று யாரோ சொல்ல, தெமாசெக் என்றிருந்த ஊருக்குச் சிங்கபுரம் என்று பேர் வைத்தது. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் கதை இது. இந்தத் தீவில் சிங்கம் வாழ்ந்ததே இல்லை, பார்த்தது புலியாக இருக்கலாம் என்பார்கள். இது எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. இதற்கு ஆற்று முகத்தில் நிறுத்தி நாற்பது நிமிடம்! அதுவும் வேறொரு இளம் வழிகாட்டி வந்து கை கால் ஆட்டி நடித்துக் காட்டினார். சிக்கு அந்த நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் என் கட்சி என்றே பட்டது.

நாற்பது நிமிடத்தில் எதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சிங்கபுரம் என்ற பெயர் இந்தத் தீவுக்கு மட்டும் சொந்தமில்லை. சிலப்பதிகாரத்திலேயே கலிங்க நாட்டுச் சிங்கபுரம் வருகிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் இருந்தபோது, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்த ஊர் அது, சங்கமன் மனைவி நீலியின் சாபம்தான் மதுரையில் வந்து விடிந்தது. சிங்கமும் புரமும் சேர்ந்த ஊர்ப்பெயர் அந்தக் காலத்து அரசர்களுக்குப் பிடித்த பெயர், அது வணிகர்களோடும் கதைகளோடும் கடல் கடந்திருக்கிறது என்று ஒரு வரி சொன்னால்கூட நீல உத்தாமாவின் விலங்கு என்ன நிறம் என்பதை விட எவ்வளவோ சுவையாக இருக்கும். அதே ஆற்று முகத்தில் இருந்த கல்வெட்டுப் பாறையை 1843இல் வெடி வைத்துத் தகர்த்ததையும், மிச்சமான ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருப்பதையும், அதிலுள்ள எழுத்தை இதுவரை யாரும் படித்து முடிக்கவில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லித் தாண்டிவிட்டார் அந்தத் தம்பி. அடப்பாவி, நிறுத்து, அதைச் சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன்.

நகர மண்டபப் படிகள் நன்றாக இருந்தன, இப்போது அது தேசியக் கலைக்கூடத்தின் பகுதி. 1959 ஜூனில் உள்நாட்டுத் தன்னாட்சி வந்ததும் கொடி, சின்னம், கீதம் மூன்றும் தேவைப்பட்டன, பொறுப்பு துணைப் பிரதமர் டோ சின் சாய் கையில். ஏற்கெனவே மக்களுக்குப் பழகத் தொடங்கியிருந்த நகர மன்றப் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்றார், ஆனால் நீளம் அதிகம், ஜுபிர் அதைச் சுருக்கிக் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, யூசோஃப் பின் இஷாக் நாட்டின் தலைவராகப் பதவியேற்ற அன்று, இந்தப் படிகளில் மூன்றையும் அறிமுகப்படுத்தினார்கள். அந்தச் சின்னத்தின் கீழே இருக்கும் நாடாவிலும் இதே இரண்டு சொற்கள். 1963இல் மலேசியாவோடு சேர்ந்தபோது தேசிய கீதம் ‘நெகாராகூ’ ஆனது, அதாவது என் நாடு (‘நெகாரா’ நம் நகரம்தான், ‘கூ’ என்றால் என்னுடைய), மாஜுலா மாநிலப் பாட்டாக இறங்கியது. 1965 ஆகஸ்டில் தனி நாடானதும் மறுபடி மேலே வந்தது. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று ‘என்னுடையது’ என்கிறது, இன்னொன்று ‘போகலாம்’ என்கிறது. சிக்கு இதை ஒப்பிடவில்லை, ஒப்பிட்டிருக்கலாம், ஆனால் இரண்டு நாட்டு ஆட்களும் குழுவில் இருந்ததால் வம்பு வேண்டாம் என்று விட்டிருப்பார்.

பாடாங்கில் ஒரு விஷயம் விட்டுப்போனது. வேறு யாராவது போனால் கேளுங்கள். இந்தத் திடலில் 1943 ஜூலை 5ஆம் தேதி நேதாஜி இந்திய தேசிய இராணுவத்தின் முன் நின்று ‘டெல்லி சலோ’ என்று முழங்கினார். அந்தப் படையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் நிறைய உண்டு. முழக்கத்திலிருந்து பிறந்த கீதத்தைப் பற்றிய நடையில், அதே புல்தரையில் ஒலித்த இன்னொரு முழக்கத்துக்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். குழுவில் இருந்த ஒரு பெரியவர்தான் இதை எங்களுக்குச் சொன்னார், அவர் மாமா அந்தப் படையில் இருந்தாராம். சிக்கு கேட்டதும் தன் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார், அது பிடித்திருந்தது.

இசைப் பகுதிக்கு ஐந்து நிமிடம்தான், அது போதும். ஒரு சின்ன ஒலிபெருக்கியில் பழைய பதிவையும், 2001இல் வந்த புதிய பதிவையும் போட்டுக் காட்டினார்கள். முன்பு ஜி மேஜர் சுருதியில் இருந்ததை எஃப் மேஜருக்கு இறக்கினார்கள், உச்சத்தில் குரல் கிழியாமல் சாதாரண ஆள் பாட வசதியாக. எனக்கு சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. பழையது நிமிர்ந்து நிற்கிறது, புதியது மூச்சு விட்டு நடக்கிறது. 1000 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் கீதத்தின் வரிகள் முழுவதும் நுண்ணெழுத்தில் இருப்பதைப் படத்தில் காட்டினார்கள். கையில் வைத்திருப்பவர் யாராவது உண்டா என்று சிக்கு கேட்டார், குழு முழுக்க வானத்தைப் பார்த்தது. அந்த நோட்டை 2021 முதல் புதிதாக வெளியிடுவதும் இல்லை.

கடைசியில் கையில் ஒரு அட்டை கொடுக்கிறார்கள், ஒரு பக்கம் மலாய் வரிகள், மறுபக்கம் மூன்று மொழிபெயர்ப்பு. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தமிழ் எழுத்துகள் உடைந்து கிடக்கின்றன. கொம்பு தனியே, எழுத்து தனியே, புள்ளி எங்கேயோ. ‘முன்னேறட்டும்’ என்ற சொல்லே முன்னேற முடியாமல் துண்டு துண்டாக நிற்கிறது. இந்த நாட்டில் தமிழ் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று, அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட இரண்டு நிமிடம் ஆகும். அட்டையை நீட்டிக் காட்டினேன், சிக்கு உண்மையாகவே வருத்தப்பட்டார், அலுவலகத்தில் சொல்கிறேன் என்றார். வேடிக்கை என்னவென்றால், நாங்கள் அப்போது நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே டல்ஹௌசி நினைவுத்தூண் இருக்கிறது, 1850ஆம் ஆண்டு விவகாரம், அதில் ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), தமிழ் நான்கிலும் வாசகம் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் உளி வைத்து அடித்த காலத்திலேயே தமிழைக் கோர்வையாகப் போட முடிந்திருக்கிறது, கணினியில் முடியவில்லை. மகள் தூணில் எழுத்துக்கூட்டிப் படித்தாள், அட்டையில் படிக்க முடியவில்லை.

ஆற்றோரத்தில் சிக்கு விடைகொடுக்கும்போது ஒரு மலாய்ப் பழமொழி சொன்னார். எந்த மண்ணை மிதிக்கிறாயோ, அந்த மண்ணின் வானத்தைத் தலைமேல் தாங்கு. பாட்டைப் பற்றிக் கேட்டபோது ஜுபிர் சயீதே எடுத்துச் சொன்ன பழமொழியாம். இருபத்தோரு வயதில் வேறு தீவிலிருந்து வந்து இறங்கியவர் என்பது நினைவுக்கு வந்தது. அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, கலைப் பள்ளி இருக்கும் இடம், நடந்தே போய்விடலாம், சுற்றை அங்கே கொண்டுபோய் முடித்திருந்தால் சிங்கக் கதையில் தின்ற நேரத்துக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு மூன்றரை. சிக்குவுக்கு மட்டும் தனியாக ஐந்து. வேறு வழிகாட்டி என்றால் இந்த மதிப்பெண் செல்லாது, அதனால் பதிவு செய்யும்போதே மலாய் ஆசிரியை வருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சொல்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேரம் கொஞ்சம் அதிகம். என் மகள் தாக்குப்பிடித்ததற்குப் பாதிக் காரணம் இடையில் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம். திரும்பி வரும்போது எம்ஆர்டியில், “அப்போ நாமளும்தான் முன்னேறணுமா?” என்றாள். ஆமாம் என்றேன். “சரி, அப்போ நகரும்பா, கதவு திறந்திருச்சு” என்றாள்.

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, காலை எட்டரை மணிச் சுற்றுக்கு நான்கு இடம் பதிவு செய்துவிட்டேன். குடை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், காதுக் கருவியை நம்பாமல் சிக்கு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடக்கவும் சொல்லியிருக்கிறேன். அண்ணன் தமிழாசிரியர். அந்த அட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.